பழைய டேப்பை வெளிய எறியறதுக்கு முன்னாடி எங்களுக்கு பதில் சொல்லுங்க

ஹவாய்ல ஹொனலூலூவுல இருக்குற அந்த டிவி ஸ்டேஷன் நிர்வாகத்துக்கு,

உங்க ஸ்டேஷன் பேரையும் அந்த ஷோ பேரையும் இங்க எழுதல. ஒண்ண எழுதுனா இன்னொண்ணு தானா தெரிஞ்சிடும், ஊர் முன்னாடி உங்கள நிறுத்தறது எங்க நோக்கம் இல்ல. ஆனா இது யாருக்கு எழுதுனதுன்னு முதல் வரியிலயே உங்களுக்கு புரிஞ்சிருக்கும். எங்க ரசிகர் குழு சார்பா இங்கிலீஷ்ல எழுதுன லெட்டர் ஏற்கனவே உங்க ஆஃபிஸுக்கு வந்துச்சு, அதுக்கு ரெண்டு பாராவுல ஒரு பதிலும் அனுப்புனீங்க. அந்த பதிலப் படிச்சப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. கோவம் வந்தா எனக்கு தமிழ்லதான் சரியா எழுத வரும், அதனால தமிழ்லயே எழுதறேன், என் ஊர் ஆளுங்களும் படிக்கட்டும். இதோட இங்கிலீஷ் காப்பி தனியா உங்களுக்கு வரும்.

நீங்க சொன்னது இதுதான்: ஆஃபிஸ சின்ன இடத்துக்கு மாத்துறீங்க, 90கள்ல எடுத்த அந்த ஸ்கெட்ச் காமெடி (குட்டி குட்டி நாடகமா வர்ற காமெடி) ஷோவோட மாஸ்டர் டேப்பையெல்லாம் வைக்க அங்க இடம் இல்ல, டிஜிட்டைஸ் பண்ற திட்டமும் இல்ல, அதுக்கு வியாபார மதிப்பு கிடையாது, அதுல இருக்குற சில காமெடி இன்னைக்கு ஒளிபரப்புற தரத்துக்கு பொருந்தாது. டேப்ப என்ன செய்யப் போறீங்கன்னு நேரடியா சொல்லல. "உரிய முறையில் அப்புறப்படுத்தப்படும்"னு மட்டும் இருந்துச்சு. அப்புறப்படுத்தறதுன்னா குப்பைக்குப் போறதுன்னு எங்களுக்கு தெரியும்.

நான் இந்த ஊர்ல பொறந்தவ இல்ல. கல்யாணத்துக்கப்புறம் ஹொனலூலூ இருக்குற இந்த ஒவாஹு தீவுக்கு வந்தேன், வைகிகியில ஒரு ஹோட்டல்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். முன்னாடி லாபியில எல்லாரும் நான் படிச்ச இங்கிலீஷ் பேசுவாங்க. பின்னாடி ஸ்டாஃப் சாப்பிடுற இடத்துக்குப் போனா அதே ஆளுங்க பிட்ஜின்னு இந்த ஊர் கலப்புப் பேச்சு பேசுவாங்க, ஒரு வார்த்தை புரியாது, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க, நான் மட்டும் தட்டப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அதப் பாத்துட்டு கிச்சன்ல இருக்குற ஒரு அங்கிள் ஒரு நாள் ஒரு டிவிடிய கையில கொடுத்து இதப் பாரு, அப்புறம் வந்து பேசுன்னாரு. டிவியில ஓடும்போது அவரே விஎச்எஸ்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்த உங்க ஷோ அது, பாதி எபிசோட்ல நடுவுல கோடு கோடா வரும், ஓரத்துல விளம்பரம் ஒட்டிட்டு நிக்கும். அதப் பாத்துதான் இந்த ஊர்ல பேச கத்துக்கிட்டேன். யார் யார எப்படி கூப்பிடுறாங்க, பெரியவங்க முன்னாடி எத சொல்லலாம் எத சொல்லக்கூடாது, மெயின்லேண்ட்லருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற அமெரிக்காவுலருந்து, புதுசா வந்தவன் எங்க தப்பு பண்றான், பக்கத்து வீட்டு ஆண்ட்டி சாப்பாட்டோட வந்தா வெறும் பாத்திரத்த திருப்பிக் குடுக்கக்கூடாதுங்கிறது வரைக்கும். கடைசியா சொன்னது எங்க ஊர்லயும் உண்டு, அதப் பாத்தப்பதான் இந்த ஊர்ல இருந்துடலாம்னு எனக்கு முதல்ல தோணுச்சு.

எங்க குழு பெருசு கிடையாது. வைபாஹுல ஒருத்தர் வீட்டு கராஜ்ல கூடுவோம், ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டு வருவோம், யார்கிட்ட எந்த எபிசோட் இருக்கோ அதப் போட்டுப் பாப்போம், அப்புறம் ராத்திரி வரைக்கும் அதப் பத்தி பேச்சு. எந்த ஸ்கெட்ச் யார் எழுதுனது, அந்த பஸ் ஸ்டாப் சீன எந்த தெருவுல எடுத்தாங்க, அந்த பாட்டி வேஷம் போட்டவர் இப்ப எங்க இருக்காரு, இதுக்கெல்லாம் சண்டையே நடக்கும். அதுல எழுபது தாண்டினவங்க இருக்காங்க, அந்த ஷோ ஓடி முடிஞ்சப்புறம் பொறந்த பசங்களும் இருக்காங்க. அந்தப் பசங்க டயலாக்க மனப்பாடமா சொல்றத நீங்க ஒரு தடவை வந்து கேக்கணும், கேட்டுட்டு மதிப்பு இல்லன்னு எழுத முடியுதான்னு பாருங்க.

இந்த லெட்டர் எழுத வச்ச விஷயத்துக்கு வரேன். எங்க குழுவுல ஒரு அக்கா இருக்காங்க, மாவி தீவுல லஹைனா ஊர்க்காரங்க. 2023 ஆகஸ்ட் 8ம் தேதி தீயில அவங்க வீடு போச்சு. அந்தத் தீயில 102 பேர் செத்தாங்க, ரெண்டாயிரத்துக்கு மேல கட்டடங்க எரிஞ்சு போச்சு, ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்னு ஒரு தெருவே இல்லாம போச்சு. வீட்டோட சேர்ந்து அவங்க வீட்டு ஆல்பம், வீடியோ கேசட் எல்லாமே போயிடுச்சு. அவங்கப்பா தீக்கு முன்னாடியே தவறிட்டாரு. உங்க ஷோவுல ஒரு ஸ்கெட்ச் ஃப்ரண்ட் ஸ்ட்ரீட்லயே எடுத்தது, கடலோரத்துல அந்தச் சுவர் பக்கத்துல, ஒரு டூரிஸ்ட் வழி கேக்குற மாதிரி. அதுல பின்னாடி ஓரமா அவங்கப்பா நிக்கிறாரு, ஷூட்டிங் பாக்க வந்த கூட்டத்துல ஒருத்தரா, கைய கட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே. சத்தமும் வரும், யாரோ கூப்பிட அவர் திரும்பி பதில் சொல்றது லேசா கேக்கும். அவங்கப்பா குரல் இந்த உலகத்துல வேற எங்கயும் இல்ல.

எங்க கையில இருக்குற காப்பி காப்பியோட காப்பி, முகம் சரியா தெரியாது. அதனால அந்த அக்கா உங்களுக்கு எழுதி, அந்த ஒரு ஸ்கெட்ச மட்டும் நல்ல பிரிண்ட்ல குடுக்க முடியுமான்னு கேட்டாங்க, காரணத்தையும் எழுதியிருந்தாங்க. உங்ககிட்டருந்து போனது ஒரு ரேட் கார்டு. காட்சி லைசென்ஸ் நிமிஷத்துக்கு இவ்வளவு, குறைஞ்சபட்ச கட்டணம் இவ்வளவு, டேப்பைத் தேடி எடுக்க தனிக் கட்டணம். லஹைனாங்கிற வார்த்தைக்கு ஒரு வரி ஆறுதல்கூட அதுல இல்ல. அத எழுதுனவங்கள நான் குத்தம் சொல்லல, அவங்க முன்னாடி ஒரு ஃபார்ம் இருந்திருக்கும், அத ஃபில் பண்ணி அனுப்பியிருப்பாங்க. ஆனா அந்த ஃபார்ம அந்த மாதிரி செஞ்சு வச்சது நிர்வாகம், அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்.

அதுக்கு கொஞ்ச நாள்லயே எங்க பசங்க இணையத்துல போட்டிருந்த பழைய கிளிப்பையெல்லாம் காப்பிரைட் சொல்லி எடுக்க வச்சீங்க. நீங்களும் போட மாட்டீங்க, நாங்க போட்டாலும் விட மாட்டீங்க, கேட்டா காசு, காசு குடுக்கத் தயார்னு எழுதுனா டேப்பைத் தேட ஆள் இல்ல. இதுல எந்த வழியா ஒரு மனுஷன் அந்த ஷோவப் பாக்கணும்னு நினைக்கிறீங்க?

வியாபார மதிப்பு இல்லன்னு சொன்னதுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். கிகைடான்னு ஒரு ஜப்பான் ஹீரோ ஷோ, 1974ல இங்க கிக்கு டிவியில வந்துச்சு, ஊர்ப் பசங்க அத்தனை பேரும் பைத்தியமா பாத்தாங்க. அதுக்கப்புறம் கால் நூற்றாண்டு கழிச்சு, சின்ன வயசுல பாத்தவங்க எல்லாம் அப்பா அம்மா ஆனப்புறம், அது திரும்ப டிவியில வந்துச்சு, டிவிடியா வந்துச்சு, ஜனம் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து நின்னு வாங்குச்சு. 2002 ஏப்ரல் 12ம் தேதிய அப்போ கவர்னரா இருந்த பென் கயெடானோ 'ஜெனரேஷன் கிகைடா டே'ன்னே அறிவிச்சாரு. ஜப்பான்ல எடுத்த ஷோவுக்கே இந்த ஊர் இவ்வளவு பண்ணும்னா, இந்த ஊர் தெருவுலயே இந்த ஊர் ஆளுங்களே நடிச்சதுக்கு பண்ணாதா? நீங்க வெளியிட்டுப் பாக்கவே இல்லயே, அப்புறம் மதிப்பு இல்லங்கிற கணக்கு எங்கருந்து வந்துச்சு?

இந்த ஊர் காமெடியன் ராப் ரெய்ப்லிங்கர் விஷயத்தையே எடுத்துக்கோங்க. 70கள்ல ஜேம்ஸ் கிராண்ட் பென்டன், எட் கஆஹியா கூட சேர்ந்து 'பூகா பூகா'ன்னு ஒரு காமெடி குழு வச்சிருந்தாரு, டெரிடோரியல் டேவர்ன்னு ஒரு பார்ல ராத்திரி ராத்திரி கூட்டம். அப்புறம் தனியா வந்து 1978ல 'போய் டாக்' ஆல்பம் போட்டாரு, 1982ல 'ராப்ஸ் ஹவாய்'னு டிவி ஸ்பெஷல் பண்ணாரு. 1984 ஜனவரியில 33 வயசுல இறந்துட்டாரு. நாப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. இன்னைக்கும் எங்க ஹோட்டல்ல ரூம் சர்வீஸ் போன எடுக்குற இருபது வயசுப் பொண்ணுக்கு அவரோட அந்த ரூம் சர்வீஸ் ஸ்கெட்ச் தெரியும், பசியோட போன் பண்ற கெஸ்ட்டு பேரையும் ஆர்டரையும் மாத்தி மாத்தி வாங்கற அந்தப் பொண்ணு குரல அப்படியே செஞ்சு காட்டுவா. அவரோட ஆண்ட்டி மரியலானி சமையல் ஷோ ஸ்கெட்ச்ச கிச்சன் அங்கிள் முழுசா நடிச்சே காட்டுவாரு. ராப் போயும் இது எப்படி நிக்குது? ஆல்பம் ரிலீஸ் ஆச்சு, அந்த ஸ்பெஷல் கேசட்டா டிவிடியா வெளிய வந்துச்சு, ஜனங்க கையில காப்பி இருக்கு, அவ்வளவுதான் காரணம். அலமாரியில பூட்டி வச்சிருந்தா ராப் இன்னைக்கு ஒரு பேரா மட்டும் இருந்திருப்பாரு. அதே காலத்துல ஆண்டி புமடாய் டிவி ஸ்பெஷல் பண்ணாரு, 2000கள்ல ஜேம்ஸ் ரோஷேவும் டோனி சில்வாவும் 'டா பிராடாஸ்'னு கேபிள்ல கலக்குனாங்க. இந்த வரிசையில நடுவுல வர்றதுதான் உங்க ஷோ, அந்த நடுத்துண்டதான் நீங்க தூக்கி எறியப் பாக்குறீங்க.

இது வெறும் சிரிப்பு சமாச்சாரமா இருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேன். இந்த பிட்ஜின் எங்கருந்து வந்துச்சுன்னு என்ன விட உங்களுக்கு நல்லா தெரியும். 1835ல கவாய் தீவுல கோலோவாவுல கரும்புத் தோட்டம் ஆரம்பிச்சதுலருந்து சீனாக்காரங்க, ஜப்பான்காரங்க, போர்ச்சுகீஸ், போர்ட்டோ ரிக்கோ, கொரியா, பிலிப்பைன்ஸ்னு கப்பல் கப்பலா வந்து இறங்கி, ஹவாய் ஜனங்களோட சேர்ந்து ஒரே கரும்புக்காட்டுல வேலை பாத்து, பிள்ளைங்க ஒண்ணா விளையாடி உண்டான பேச்சு. அந்த பேச்சுக்கு பள்ளிக்கூடத்துல இடம் இல்ல. நல்ல இங்கிலீஷ் பேசுற பிள்ளைங்களுக்குன்னு தனி ஸ்கூலே 1924லருந்து வச்சிருந்தாங்க. 1987லகூட வகுப்புல ஸ்டாண்டர்ட் இங்கிலீஷ் மட்டும்தான்னு கொண்டு வரப் பாத்து பெரிய எதிர்ப்பு வந்துச்சு. அதே காலத்துல நேஷனல் வெதர் சர்வீஸ்ல ரேடியோவுல வானிலை வாசிக்கிற வேலைக்கு ஜேம்ஸ் கஹாகுவான்னு ஒரு லோக்கல் ஆளு அப்ளை பண்ணாரு, அனுபவம் இருந்துச்சு, வேலை மெயின்லேண்ட் ஆளுக்குப் போச்சு, உச்சரிப்பத்தான் காரணமா வச்சாங்கன்னு கேஸ் போட்டு தோத்தாரு, 1989ல அப்பீல் கோர்ட்டும் கைவிட்டுடுச்சு. வானிலை சொல்றதுக்குக்கூட அந்தக் குரல் ஆகாதுன்னு சொன்ன காலத்துல, டிவியில அந்தக் குரல் தலை நிமிந்து முழுசா பேசுன ஒரே இடம் காமெடி. நியூஸ்ல கிடையாது, விளம்பரத்துல ஊறுகா மாதிரி ஒரு வரி வரும். அரை மணி நேரம் முழுக்க, அம்மா பிள்ளைய திட்டுறது, கடைக்காரன் பேரம் பேசுறது, காதலிக்கிறது, சண்டை போடறது எல்லாமே அந்தப் பேச்சுலயே நடந்தது உங்க ஷோ மாதிரி ஷோக்கள்லதான். 2015லதான் அமெரிக்க சென்சஸ் ஆளுங்க வீட்டுல பேசற மொழிகள் பட்டியல்ல பிட்ஜினச் சேத்தாங்க. இன்னைக்கு அதப் படிக்க யுனிவர்சிட்டியில ஆளு இருக்கு. 90கள்ல ஜனங்க எப்படி பேசுனாங்கன்னு கேட்டா எதக் காட்டுவாங்க? உங்க டேப்பைத்தான் காட்டணும்.

பேச்சு மட்டும் இல்ல, ஊரே அதுல இருக்கு. வைபாஹுல அரகாவான்னு ஒரு பெரிய கடை, 1995ல மூடிட்டாங்க, அதே வருஷம் ஒவாஹு சுகர் மில்லும் நின்னு போச்சு. 2016 டிசம்பர்ல மாவியில கடைசி கரும்புத் தோட்டமும் மூடியாச்சு. தோட்டத் தொழிலாளிங்க இருந்த அந்த கேம்ப் வீடுங்க, தகரக் கூரை, வாசல்ல செருப்பு வரிசையா கிடக்குறது, எல்லாம் உங்க ஸ்கெட்ச்சுக்கு பின்னாடி சும்மா செட்டு மாதிரி நிக்கும், யாரும் அத ரெக்கார்ட் பண்ணணும்னு எடுக்கல. டாக்குமெண்டரி எடுக்க வர்றவங்க முன்னாடி ஜனங்க சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு நிப்பாங்க, இங்க அப்படி இல்ல, அந்தந்த ஆளு அந்தந்த மாதிரியே போய்க்கிட்டு இருப்பாங்க. லஹைனா அக்காவோட அப்பா மாதிரி.

இன்னைக்கு ஒளிபரப்பு தரத்துக்கு பொருந்தாதுன்னு சொன்னதுக்கு வரேன், இத நான் மழுப்பப் போறது இல்ல. உண்மைதான், சில ஸ்கெட்ச் பாக்கும்போது சங்கடமா இருக்கும். முக்கியமா பிலிப்பினோ ஆளுங்கள வச்சு பண்ண காமெடி. நாய்க்கறி ஜோக்கு, அந்த உச்சரிப்ப இழுத்து இழுத்து பேசறது. எங்க ஹவுஸ்கீப்பிங்ல இருக்குற ஆண்ட்டி இலோகானோ, அதாவது பிலிப்பைன்ஸ்ல ஒரு இனத்தவங்க, முப்பது வருஷமா ரூம் க்ளீன் பண்றாங்க, அவங்களும் எங்க கராஜ் கூட்டத்துக்கு வருவாங்க. ஒரு தடவை அந்த மாதிரி ஒரு ஸ்கெட்ச் ஓடிச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, ஆண்ட்டி சிரிக்கல. முடிஞ்சதும் எழுந்து நின்னு சொன்னாங்க, இத நாங்க வந்த புதுசுல ஸ்கூல்ல என் பையன்கிட்ட தினமும் சொல்லுவாங்க, அவன் லஞ்ச் டப்பாவ தொறக்காமலே திருப்பிக் கொண்டு வருவான்னு. கராஜ்ல சத்தமே இல்ல. அப்புறம் கிச்சன் அங்கிள் பேசுனாரு, அவர் சின்ன வயசுல அப்படி கிண்டல் பண்ணவர்ல ஒருத்தர்னு அவரே சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி நடந்த பேச்சு மாதிரி ஒரு பேச்சு நான் இந்த ஊர்ல கேட்டதே இல்ல. எல்லாரும் எல்லாரையும் கிண்டல் பண்றதுதான் நம்ம வழக்கம்னு ஒருத்தர் சொன்னாரு, கிண்டல் எல்லார் மேலயும் ஒரே கனமா விழல, கடைசியா வந்து இறங்குனவங்க மேலதான் அதிகமா விழுந்துச்சுன்னு ஒரு பொண்ணு திருப்பி சொன்னா. நானும் வெளியூருலருந்து வந்து உச்சரிப்புக்காக சிரிப்பு வாங்குனவதான், எனக்கு ஆண்ட்டி பக்கம்தான் நியாயம் தெரிஞ்சுச்சு.

கூட்டம் முடியும்போது அந்த ஆண்ட்டிகிட்டயே கேட்டோம், இந்த டேப்பையெல்லாம் அழிச்சிடலாமான்னு. கூடாதுன்னாங்க. எங்கள என்ன சொன்னாங்கன்னு பேரப்பிள்ளைங்களுக்கு காட்டணும்னா டேப் வேணும், இல்லன்னா நாங்க பொய் சொல்றோம்னு நினைப்பாங்கன்னாங்க. காயம் பட்டவங்களே வச்சிருங்கன்னு சொல்றாங்க, நீங்க அவங்க பேர சொல்லி எறியப் பாக்குறீங்க. மறுபடி டிவியில போட வேண்டாம், அத நாங்க கேக்கவே இல்ல. பத்திரமா ஒரு ஆர்க்கைவ்ல, பழைய படம் டேப்பையெல்லாம் பாதுகாக்குற காப்பகத்துல, வைங்க, ஆராய்ச்சி பண்றவங்க பாக்கட்டும், முன்னாடி ஒரு குறிப்பு போட்டு எங்கள மாதிரி ஆளுங்க பாத்து பேசட்டும்.

டைம் இல்லங்கிறதுதான் எனக்கு பெரிய பயம். நீங்க வச்சிருக்கிறது முக்கால் இஞ்ச் யூமாடிக், பீட்டாகேம்னு ரெண்டு பழைய வகை வீடியோ டேப்னு உங்க பழைய டெக்னீஷியன் ஒருத்தர் சொன்னாரு. காந்த டேப்புல படம் பதியுற பொடிய ஒட்ட வச்சிருக்கிற பசை ஈரத்த இழுக்கும், இழுத்து பிசுபிசுன்னு ஆயிடும், அப்புறம் மெஷின்ல போட்டா ஹெட்ல ஒட்டிக்கிட்டு படம் பொடியாவே உதிரும். அதுக்கு டேப்பை இளஞ்சூட்டுல மணிக்கணக்கா வச்சு காய வச்சு ஓட்டி காப்பி எடுத்துக்கலாம், ஆனா அது நிரந்தரத் தீர்வு கிடையாது. கடல் காத்துல, இந்த ஊரு ஈரத்துல, ஏசி சரியா ஓடாத ஸ்டோர் ரூம்ல அதெல்லாம் இருந்திருக்குன்னு நினைச்சாலே வயித்த கலக்குது. இன்னொரு பக்கம் ஓட்ட மெஷின் கிடையாது. விஎச்எஸ் பிளேயரையே கடைசியா செஞ்சுக்கிட்டிருந்த ஃபூனாய் கம்பெனி 2016ல நிறுத்திடுச்சு, யூமாடிக் மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலையணும், ரிப்பேர் தெரிஞ்சவங்களுக்கு வயசாயிடுச்சு. யுனெஸ்கோ 2019லயே 'மேக்னடிக் டேப் அலர்ட்'னு உலகம் முழுக்க எச்சரிக்க பண்ணுச்சு, 2025 வாக்குல இதையெல்லாம் ஓட்டிப் பாக்குறதே முடியாம போகும்னு. அந்த கெடுவும் வந்தாச்சு.

பெரிய பெரிய இடத்துலயே இந்த தப்பு நடந்திருக்கு. பிபிசி 1960கள்ல வந்த பீட்டர் குக், டட்லி மூர் ஸ்கெட்ச் ஷோவோட நிறைய எபிசோட அழிச்சிட்டாங்க, நடிச்சவங்களே காப்பாத்தப் பாத்தும் முடியல, இன்னைக்கு வரைக்கும் அத நினைச்சு வருத்தப்படுறாங்க. அவங்களுக்காவது அப்போ இதோட அருமை தெரியலன்னு ஒரு சாக்கு இருந்துச்சு. உங்களுக்கு நாங்க லெட்டர் போட்டு சொல்லிட்டோம்.

வழி இல்லாம இல்ல. கபோலெயில வெஸ்ட் ஒவாஹு யுனிவர்சிட்டியில 'உலுஉலு' இருக்கு, ஹென்றி குஉஅலோஹா ஜூன்யி பேருல வச்ச மூவிங் இமேஜ் ஆர்க்கைவ், இந்த மாதிரி டேப்புக்குன்னே குளிரும் ஈரமும் கட்டுப்படுத்துன அறை இருக்கு, தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க. வேற லோக்கல் டிவி கலெக்ஷனெல்லாம் அங்க போயிருக்கு. ஆர்க்கைவுக்கு டேப்பைக் கொடுத்தா உரிமையும் போயிடும்னு உங்க வக்கீல் பயப்படுறதா கேள்விப்பட்டேன். டேப் ஒரு இடத்துல இருக்கலாம், காப்பிரைட் உங்ககிட்டயே இருக்கலாம், அப்படி எழுத்துல போட்டுக்கிறது ஆர்க்கைவ்களுக்கு சகஜம். கெட்டுப் போற நிலைமையில இருக்குறத பாதுகாக்க லைப்ரரியும் ஆர்க்கைவும் காப்பி எடுத்துக்க அமெரிக்க காப்பிரைட் சட்டம் 108வது பிரிவுலயே வழி இருக்கு. பின்னணியில வர்ற பாட்டு உரிமை சிக்கல்னு சொன்னீங்க, அது ஒளிபரப்பும்போது வர்ற சிக்கல், பத்திரமா வைக்கிறதுக்கு அது குறுக்க வராது.

அந்த ஷோவுல நடிச்சவங்க, எழுதுனவங்க யாரும் பெரிய காசு பாக்கல. பகல்ல ஒரு வேலை, ராத்திரியில ஷூட்டிங், சொந்த வீட்டு சட்டையும் பாட்டியோட முமு கவுனும்தான் காஸ்ட்யூம். சிலர் இப்ப இல்ல. இருக்குறவங்ககிட்ட கேட்டா அவங்க கையிலயும் ஒரு காப்பி கிடையாது, அவங்க பிள்ளைங்க பாத்ததே இல்ல. அவங்க உழைப்பு உங்க ரூம்ல இருக்கு, அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம எறியறது நியாயமே இல்ல, சட்டம் என்ன சொன்னாலும் சரி.

அதனால எங்க குழு சார்பா நாங்க கேக்குறது இது. ஒரு டேப்பைக்கூட வெளிய அனுப்பாதீங்க, அப்புறப்படுத்தற வேலைய இன்னைக்கே நிறுத்தி, நிறுத்திட்டோம்னு எழுத்துல சொல்லுங்க. ஏற்கனவே ஏதாச்சும் போயிருந்தா எது எதுன்னு மறைக்காம சொல்லுங்க. மிச்சம் இருக்குறதுக்கு ஒரு பட்டியல் போடுங்க, லேபிள்ல இருக்குறத அப்படியே எழுதுனாலே போதும், போட ஆள் இல்லன்னா எங்க குழுவுல ரிட்டயர் ஆனவங்க வந்து உக்காந்து சம்பளம் இல்லாம எழுதித் தருவாங்க, உங்க பழைய டெக்னீஷியனும் வரேன்னு சொல்லியிருக்காரு. நீங்க இடம் மாறுறதுக்கு முன்னாடியே ஆர்க்கைவ் ஆளுங்களோட பேசி டேப்பையெல்லாம் அங்க ஒப்படைங்க. வண்டி வாடகை, அட்டைப்பெட்டி செலவு எங்களுது, டிஜிட்டைஸ் பண்ற செலவுக்கு நாங்க ஊர்ல காசு சேர்ப்போம், அதுக்கு உங்க பேர உபயோகிக்க ஒரு அனுமதி மட்டும் வேணும்.

லஹைனா அக்காவுக்கு அந்த ஸ்கெட்ச இலவசமா குடுங்க. அந்தத் தீயில எல்லாத்தையும் இழந்த வேற யார் கேட்டாலும் அதே மாதிரி குடுங்க, ரேட் கார்ட அவங்களுக்கு அனுப்பாதீங்க. நடிச்சவங்க, எழுதுனவங்க, இறந்து போனவங்களோட குடும்பம், ஒவ்வொருத்தருக்கும் ஒரு காப்பி போய்ச் சேரணும். நீங்களா அதிகாரப்பூர்வமா வெளியிடற வரைக்கும் காசு சம்பாதிக்காம ரசிகருங்க போடற சின்னச் சின்ன கிளிப்ப எடுக்க வைக்காதீங்க.

பிலிப்பினோ சமூகத்துலருந்தும் மத்த சமூகங்கள்லருந்தும் ஆளுங்கள கூப்பிட்டு, எந்த ஸ்கெட்ச எப்படி காட்டலாம், எதுக்கு முன்னாடி என்ன குறிப்பு போடணும்னு அவங்ககிட்டயே கேளுங்க. எங்க ஆண்ட்டி வரத் தயார்.

பதில இன்னொரு ரெண்டு பாராவா அனுப்பாதீங்க. முடிவெடுக்குற அதிகாரம் இருக்குற ஒருத்தர் எங்கள நேர்ல பாக்கணும், உங்க ஆஃபிஸ்ல ஆனாலும் சரி, வைபாஹு கராஜ்ல ஆனாலும் சரி, தேதிய நீங்களே சொல்லுங்க, லீவு போட்டுட்டு வரோம். ஸ்டோர் ரூம காலி பண்றதுக்கு முன்னாடி அந்த தேதி இருக்கணும்.